“அப்பா மாதிரி” வேண்டாம்: மதுரை வட்டார ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முனைவர் பட்ட ஆய்வுகளை நெறிப்படுத்திவரும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். நானும் இந்த ஊரில் படித்து, இந்த ஊரில் பட்டம் பெற்று, இன்று ஒரு மகளிர் கல்லூரியில் நெறியாளராக இருப்பவள். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

ஆய்வில் சேர வரும் பெண்ணிடம் முதல் நாளே நாம் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. “என்னை உன் அப்பா மாதிரி நினைத்துக்கொள்ளம்மா.” நெறியாளர் பெண்ணாக இருந்தால், “அம்மா மாதிரி.” நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு அந்தச் சொல் தெம்பு தருகிறது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்த வாக்கியத்தையும், அதற்குப் பின்னால் நாம் கட்டி வைத்திருக்கும் உறவையும் கைவிட வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அப்பாவிடம் கணக்குக் கேட்க முடியாது. இரண்டாவது அத்தியாயத்தைக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறதே, படித்தீர்களா என்று அப்பாவிடம் கேட்பது மரியாதைக் குறைவு. அப்பா ஒரு வேலை சொன்னால், அது என் வேலையா என்று யோசிக்கக்கூடாது. கோபித்துக்கொண்டால் காரணம் கேட்காமல் பொறுத்துப் போக வேண்டும். அவர் மேல் புகார் கொடுப்பதோ, ஊரும் உறவும் மன்னிக்காத துரோகம். வீட்டுக்குள் ஒரு பெண் எதையெல்லாம் வாய் திறந்து கேட்க முடியாதோ, அதையெல்லாம் துறைக்குள்ளும் கேட்க முடியாதபடி இந்த உறவுமுறை செய்துவிடுகிறது. அவளுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. அவள் எத்தனை மணிக்கு வருகிறாள், எங்கே போகிறாள் என்று அந்தக் குடும்பம் கணக்கு வைத்துக்கொண்டும் இருக்கிறது. இரண்டாவதாக ஒரு குடும்பம் அவளுக்குத் தேவையில்லை.

பெண்ணிய நெறியாள்கை என்று சொன்னால், “பெண் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டச் சொல்கிறீர்களா?” என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். நான் கேட்பது சலுகையை அன்று. இந்த உறவில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, உழைப்பு யாருடையது, யாருடைய அறிவு அறிவாக எண்ணப்படுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். பார்த்ததை எழுத்தில் வைக்கச் சொல்கிறேன். ஆண் ஆய்வாளர்களுக்கும் இதனால் நன்மைதான். நெறியாளருடைய மகளின் திருமணத்துக்குப் பந்தல்காரரிடம் அலைந்த ஆண் ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும்.

அதிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். பதிவுப் படிவம், முன்னேற்ற அறிக்கை, ஆய்வுச் சுருக்கம், ஆய்வேட்டின் சான்றிதழ்ப் பக்கம், வாய்மொழித் தேர்வு என்று ஒரு முனைவர் பட்டத்தின் ஒவ்வொரு படியும் நம் ஒருவர் கையெழுத்தில் நிற்கிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுகிறவர் என்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக இருக்கும் அந்தத் தொகை தடையில்லாமல் வருவதற்கும் நம் சான்று தேவை. அந்த உதவித்தொகையும் இல்லாமல், தனியார் கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேர ஆய்வு செய்யும் பெண்கள்தான் நம்மைச் சுற்றி அதிகம். நெறியாளரை மாற்றிக்கொள்ள நினைத்தாலும், பல இடங்களில் அதே நெறியாளரிடம்தான் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இவ்வளவு அதிகாரத்தை வைத்துக்கொண்டு “அப்பா மாதிரி” என்று சொல்வதால் அந்த அதிகாரம் குறையவில்லை. அதைப் பற்றிப் பேச முடியாமல் போகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது உழைப்பு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது நம் கண்ணில் படுவதே இல்லை.

துறையில் ஒரு கருத்தரங்கம் நடக்கிறது. வாசலில் கோலம் போடுவது யார்? பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டும் வைத்துக்கொண்டு, ஒரே நிறப் பட்டுச் சேலையில் காலை எட்டு மணிக்கே நிற்பது யார்? தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவது, குத்துவிளக்குக்குத் திரி போடுவது, விருந்தினருக்குப் பொன்னாடையை நேரம் பார்த்து எடுத்துக் கொடுப்பது யார்? நம் பெண் ஆய்வாளர்கள். அதே நேரத்தில் ஆண் ஆய்வாளர் ரயில் நிலையம் போய்ச் சிறப்பு விருந்தினரை அழைத்து வருகிறார். வண்டியில் வரும்போது அவரோடு பேசுகிறார், தன் ஆய்வைச் சொல்கிறார், தொலைபேசி எண் வாங்கிக்கொள்கிறார். கட்டுரை வாசிக்க நேரம் ஒதுக்கும்போதும் அவர் முற்பகலில் வருகிறார். காலையிலிருந்து நின்ற பெண்ணுக்கு, பாதி அரங்கம் காலியான பிற்பகலில் ஐந்து நிமிடம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, எனக்கும் தெரியும். திட்டமிடாமலேயே ஒவ்வொரு முறையும் இப்படியே நடக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் (NAAC) குழு வரும் ஆண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோப்புக் கோப்பாக அடுக்குவதும், பழைய புகைப்படங்களுக்குத் தேதி தேடுவதும், மாணவர் பட்டியலைக் கணினியில் ஏற்றுவதும் ஆய்வாளர் வேலையாகிவிடுகின்றன. “அந்தப் பொண்ணு பொறுமையாகச் செய்யும்” என்று பாராட்டி ஒப்படைக்கிறோம். பொறுமையாகச் செய்த அந்தப் பெண்ணின் ஓராண்டு ஆய்வேட்டில் எங்கும் இல்லை.

பிறகு, வாய்மொழித் தேர்வு விருந்து. புறத்தேர்வாளருக்கு அறை, வண்டி, சால்வை, நினைவுப் பரிசு, துறை முழுவதற்கும் மதியச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் என்னென்ன இருந்தன என்பது, ஆய்வேட்டில் என்ன இருந்தது என்பதைவிட நெடுநாள் பேசப்படுகிறது. யாரும் கேட்பதில்லை, பிள்ளைகளாக ஆசைப்பட்டுச் செய்கிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். முன்னால் போனவர் செய்ததைப் பின்னால் வருபவர் எப்படிச் செய்யாமல் இருப்பார்? கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து அந்த விருந்தைப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பட்டம் வாங்கிய மகிழ்ச்சியோடு சேர்த்து வட்டியையும் அவர் சுமந்தார். அன்று தேநீரும் பிஸ்கட்டும் போதும், செலவு துறையுடையது என்று ஒவ்வொரு துறைத் தலைவரும் சுற்றறிக்கை விட்டால், இது ஒரே ஆண்டில் நின்றுவிடும். இதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி எதுவும் தேவையில்லை.

விதி இருக்கும் இடத்திலும் நாம் அதைச் சொல்வதில்லை. 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதன் மேலும் 2 ஆண்டு தளர்வு, ஆக மொத்தம் 10 ஆண்டு வரை. ஆய்வுக் காலம் முழுவதிலுமாகச் சேர்த்து, மகப்பேறுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் பெண் ஆய்வாளர், தான் சேகரித்த தரவுகளோடு வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. இதை முதல் நாளே தாளில் எழுதிக் கையில் கொடுக்கும் நெறியாளர்கள் நம்மில் எத்தனை பேர்? கருவுற்றிருப்பதை ஐந்து மாதம் வரை மறைத்துக்கொண்டு களப்பணிக்குப் போனவர்களும், மாற்றல் கிடைத்த கணவரோடு கோயம்புத்தூருக்குப் போனதால் பட்டம் அதோடு முடிந்துவிட்டது என்று எண்ணி ஆய்வைக் கைவிட்டவர்களும் உண்டு. விதி இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

அந்த விதியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. பெண்ணுக்குக் கூடுதல் காலம் கொடுக்கிறது, நல்லது. அவள் காலத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று அது கேட்கவில்லை. வீடு எடுத்தது ஒரு பங்கு. துறை எடுத்ததும் ஒரு பங்கு. வீட்டை நாம் மாற்ற முடியாமல் போகலாம். துறை நம் கையில்தான் இருக்கிறது. “மாலை ஐந்து மணிக்கு மேல் வா, பார்க்கலாம்” என்கிறோம். பேரையூருக்குப் பஸ் மாறிப் போக வேண்டியவருக்கு அந்த ஐந்து மணி என்பது என்னவென்று யோசிப்பதில்லை. வந்த பிறகு அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் நிற்க வைத்து, “இன்று முடியாது, நாளை வா” என்று அனுப்புகிறோம். உள்ளே வந்தாலும் உட்காரச் சொல்வதில்லை. எதிரே நாற்காலி காலியாக இருக்கும், நின்றுகொண்டே அத்தியாயத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். யார் உட்காரலாம் யார் நிற்க வேண்டும் என்பதில் நம் ஊரில் சாதியும் சேர்ந்துகொள்கிறது என்பதை உங்களிடம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சேர்க்கை நேர்காணலில் கேட்கும் கேள்விகளும் அப்படித்தான். திருமணம் ஆகிவிட்டதா, வீட்டில் சம்மதமா, குழந்தை எப்போது, சமாளித்துவிடுவாயா? ஆணிடம் நாம் ஆய்வுத் தலைப்பைப் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள், பெண்ணிடம் அவள் மாமியாரைப் பற்றிக் கேட்டு முடித்திருக்கிறோம். நாடு முழுவதும் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த பெண்கள் 2014-15இல் ஏறத்தாழ 48,000 பேர். 2021-22இல் 99,000 அளவுக்கு உயர்ந்துவிட்டார்கள் என்று உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏழே ஆண்டில் இரு மடங்கு. இத்தனை பேர் சமாளித்துக் காட்டிய பிறகும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கலாமா?

இனி அறிவு. என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான்.

லேடி டோக் கல்லூரி 1948இல் வந்தது. பாத்திமா 1953இல், மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி 1965இல், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இல். இந்த வட்டாரத்தில் பெண்கள் பட்டம் வாங்குவது நேற்று தொடங்கியதன்று. ஆனால் இன்று ஆய்வுக்கு வருபவர்கள் வேறு வீடுகளிலிருந்து வருகிறார்கள். பூப்பறிப்பவர்களின் மகள்கள், கட்டட வேலை செய்பவர்களின் மகள்கள், துணியை முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர்களின் மகள்கள். நாம் புத்தகத்தில் படித்ததை அவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறார்கள்.

என்னிடம் ஆய்வு செய்யும் ஒருவரின் ஆய்வுப் பொருளே அந்த முடிச்சு வேலைதான். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெருமையைப் பற்றிக் கட்டுரைகள் நிறைய உண்டு. முடிச்சுப் போடும் பெண்களின் வேலை நேரத்தைக் கணக்கிட அவர் ஒரு வினாப்பட்டியல் தயாரித்தார். “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?” என்பது முதல் கேள்வி. பதில்: “வேலைக்கெல்லாம் போகவில்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.” சொல்லும்போதே விரல்கள் துணியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன. வழக்கமான முறைப்படி, அந்தப் பெண்ணை வேலையற்றவர் என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இவர் போகவில்லை. தன் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவர். உலை கொதிக்கும் வரை, பிள்ளை தூங்கும் வரை, தண்ணீர் லாரி வரும் வரை என்று அந்த வேலை நாள் முழுவதும் சிதறிக் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கேள்வியை மாற்றினார். “நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள், சொல்லுங்கள்” என்று உட்கார்ந்தார். அந்த ஆய்வின் உயிரே அந்த மாற்றத்தில் இருக்கிறது.

இந்த அறிவை நாம் என்ன செய்கிறோம்? “உனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம், புறவயமாக எழுத வராது” என்று சொல்லித் தலைப்பை மாற்றச் சொல்கிறோம். 1980களின் நடுவில் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலை பற்றிச் செய்திகள் வெளிவந்த பிறகு, எங்கெங்கிருந்தோ ஆய்வாளர்கள் வந்து போனார்கள். அந்த ஊர்ப் பெண்கள் பதில் சொல்பவர்களாகவே இருந்தார்கள். இன்று அந்த ஊர்ப் பெண் ஒருவர் கேள்வி கேட்பவராக வந்து உட்காரும்போது, நெருக்கம் ஒரு குற்றமாகிவிடுகிறது. தூரத்திலிருந்து வந்தவருக்கும் ஒரு நிலைப்பாடு இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. புனேயில் பேராசிரியராக இருந்து 2013இல் மறைந்த சர்மிளா ரெகே, தலித் பெண்களின் வாழ்விலிருந்து தொடங்கும் அறிவு பெண்ணியத்தையே திருத்தி எழுதும் என்று வாதிட்டவர். தலித் அல்லாத பெண்ணியவாதிகள் அந்த அறிவிடமிருந்து கற்றுத் தம்மை மாற்றிக்கொள்ள முடியும் என்றும் சொன்னார். நெறியாளராக எனக்கு அது பெரிய பாடம். என் ஆய்வாளருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்ற இடத்திலிருந்துதான் நெறியாள்கை தொடங்குகிறது. நெருக்கத்தை முறையியலாக்க அவருக்கு உதவுவது என் வேலை. நான் எங்கிருந்து பார்க்கிறேன், யாருடைய மகள், இந்தப் பெண்கள் என்னிடம் எதைச் சொல்லத் தயங்குவார்கள் என்று முறையியல் அத்தியாயத்திலேயே “நான்” போட்டு எழுதச் சொல்கிறேன். “ஆய்வேட்டில் ‘நான்’ வரக்கூடாது” என்று திருப்பி அனுப்பும் தேர்வாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடுவதும் நெறியாளரின் கடமைதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பாலியல் தொல்லை. இதற்கென்றே மானியக் குழு 2015இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. உள்ளகப் புகார்க் குழுவில், மாணவர் தொடர்பான புகார் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அதில் ஓர் ஆய்வாளரும் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்ற பதவியில் இருப்பவர்கள் அக்குழுவில் இருக்கக் கூடாது. விசாரணை நடக்கும்போதே, புகார் செய்தவரின் ஆய்வை மதிப்பிடும் பொறுப்பிலிருந்து எதிர்த்தரப்பினரை விலக்கி வைக்கலாம். இந்தக் கடைசிப் பிரிவு நம் ஆய்வாளர்களில் அநேகருக்குத் தெரியாது. கையெழுத்து அவரிடம் இருக்கிறதே என்று பயந்துதான் வாயை மூடிக்கொள்கிறார்கள். பதிவு செய்யும் நாளிலேயே இதையும் சொல்லுங்கள். ஒழுக்கமான நெறியாளர் இதைச் சொல்வதால் அவருக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

நான் என் ஆய்வாளர்களோடு செய்துகொள்வதைச் சொல்கிறேன். ஒரு பக்க உடன்பாடு, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி. அத்தியாயம் கைக்கு வந்தால் மூன்று வாரத்துக்குள் எழுத்தில் கருத்துத் தருவேன். சந்திப்பு பகல் நேரத்தில், கல்லூரியில் மட்டும். என் வீட்டு வேலை, என் விடைத்தாள், என் கருத்தரங்க வரவேற்பு எதுவும் அவர்கள் பொறுப்பில்லை. தரவு அவர்களுடையது. கட்டுரையை எழுதியவர் பெயர் முதலில். நான் எழுத்தில் பங்கெடுக்காத கட்டுரையில் என் பெயர் இராது. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 ஒழுங்குமுறை நீக்கிவிட்டது என்பதையும், பல்கலைக்கழகத்தின் சொந்த விதி என்ன என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். காசு வாங்கிக்கொண்டு போடும் இதழ்களுக்கு அவர்கள் சம்பளத்தை அழுவதைத் தடுக்க வேறு வழி தெரியவில்லை. சனிக்கிழமைகளில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் அத்தியாயத்தை மற்றவர்கள் படித்துப் பேசுகிறோம். நான் எழுதும் கட்டுரையும் அந்த வட்டத்துக்குள் வருகிறது. முதல் சில வாரங்கள் என் எழுத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர், “மேடம், இந்த முடிவுக்கு உங்கள் தரவில் ஆதாரம் இல்லை” என்றார். சரியாகத்தான் சொன்னார். மற்றவர்கள் அன்றிலிருந்து தங்கள் அத்தியாயங்களையும் பயமில்லாமல் பேச ஆரம்பித்தார்கள்.

இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டால் குரு–சிஷ்ய அன்பு போய்விடும் என்று ஒரு மூத்த பேராசிரியர் என்னிடம் வருந்தினார். அவர் அன்பானவர், அவர் வருத்தம் உண்மையானது. ஆனால் எல்லா நெறியாளரும் அவரைப் போன்றவர் இல்லையே. ஆய்வாளரின் ஐந்து ஆண்டு நெறியாளரின் குணத்தை நம்பி இருக்கக் கூடாது. அன்பு இருக்கிற இடத்தில் இந்தத் தாள் ஒரு தொந்தரவும் செய்வதில்லை. என் ஆய்வாளர்கள் வீட்டு வளைகாப்புக்கு நான் போகிறேன், அவர்களும் என் வீட்டுப் பொங்கலுக்கு வருகிறார்கள்.

பெண் நெறியாளர்களுக்குத் தனியாக ஒரு சொல். நாங்கள் படாத பாடா, நீ என்ன பட்டுவிட்டாய் என்று கேட்பதை நிறுத்துவோம். நாம் பட்டது அவர்கள் படுவதற்கான நியாயம் ஆகாது. பல துறைகளில், கோலம் போடச் சொல்லும் குரல் நம்முடையதாகத்தான் இருக்கிறது.

அடுத்த சேர்க்கை தொடங்குவதற்குள் உங்கள் துறைக் கூட்டத்தில் மூன்றை மட்டும் வையுங்கள்: பதிவின்போது ஒரு பக்க உடன்பாடு, வாய்மொழித் தேர்வு விருந்துக்குத் தடை, நெறியாளர் மாற்றம் கோரும் விண்ணப்பத்தை அந்த நெறியாளரைத் தவிர்த்து ஆய்வு ஆலோசனைக் குழு நேரடியாகப் பெறும் ஏற்பாடு. மூன்றாவதற்குப் பல்கலைக்கழக அளவில் முடிவு வேண்டியிருக்கும். துறைகள் சேர்ந்து எழுதிக் கேட்டால் கல்விக் குழுவின் முன் அது வரும். நான் பயன்படுத்தும் உடன்பாட்டின் வரைவைக் கேட்கிற எவருக்கும் தருகிறேன். அதில் மாற்ற வேண்டியவை இருக்கும். உங்கள் ஆய்வாளர்களையும் உட்கார வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆய்வு நெறியாளர்,
மதுரை.